‘ஹில்’, ‘ஸ்லோப்’ இரண்டையும் ஐஸ்லாந்திய மொழிக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ்லாந்திய மொழி படிக்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் போகிறார்கள். அகராதி ஆங்கிலத்தில், பாடநூல் ஆங்கிலத்தில், வரைபடக் குறிப்பும் ஆங்கிலத்தில். சாப்பாடு, உறவுமுறை, கடை கண்ணிச் சொற்களில் இதனால் பெரிய நட்டமில்லை. நிலத்தைச் சொல்லும் சொற்களில்தான் அடி விழுகிறது.

ஆங்கிலத்தில் ‘ஹில்’ என்றால் மலையைவிடச் சின்னது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஐஸ்லாந்துக்காரர்கள் அளவை மட்டும் வைத்துச் சொல் எடுப்பதில்லை. தனியாக நிற்கிறதா, நீண்டு கிடக்கிறதா? மேலே புல்லா, கல்லா? எதிரே நின்று பார்க்கிறோமா, அதன்மேல் ஏறிக்கொண்டிருக்கிறோமா? இவற்றைப் பொறுத்துச் சொல் மாறும். அதனால் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடாமல், இடத்தை மனக்கண்ணில் பார்த்துவிட்டுச் சொல் தேடுவதே சரியான வழி.

கீழே ஐஸ்லாந்தியச் சொற்களை ஒலிக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். இரட்டை எல் வரும் இடத்தில் பெரும்பாலும் ‘ட்ல்’ என்ற ஒலி வரும். மலைக்கான சொல் ‘ஃப்யல்’ இல்லை, ‘ஃப்யட்ல்’.

ஸ்லோப் என்றதும் ப்ரெஹ்கா என்று எழுதிவிடுவது

அகராதி ‘ஸ்லோப்’ என்பதற்கு ப்ரெஹ்கா, ஹ்லீத், ஹட்லி என்று மூன்றையும் அடுக்கியிருக்கும். முதலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஹ்லீத் என்பது மலையின் பக்கம். கீழே சமவெளியிலோ எதிர்க்கரையிலோ நின்று நிமிர்ந்து பார்க்கும்போது கண்ணில் விரியும் முழுப் பரப்பு அது. தெற்கு ஐஸ்லாந்தில் ஃப்லியோட்ஸ்ஹ்லீத் என்ற பகுதி இருக்கிறது. நியால் சாகா என்ற பழைய ஐஸ்லாந்தியக் கதையில் வரும் குன்னாரின் வீடு அங்கேதான். நாட்டைவிட்டுப் போக வேண்டிய தண்டனையோடு கிளம்பியவர், குதிரை இடறியதும் கீழே குதித்து, திரும்பித் தன் ஊர்ப்பக்கம் பார்க்கிறார். அந்த அழகில் மனம் மாறி, கப்பலேறாமல் வீடு திரும்பி, பிறகு கொல்லப்படுகிறார். அவர் பார்த்து உருகியது ஹ்லீத். அங்கே ப்ரெஹ்கா என்று போட்டால், வீட்டு வாசலுக்கு ஏறும் மேட்டைப் பார்த்து மனிதர் உயிரை விட்டார் என்றாகிவிடும்.

ப்ரெஹ்கா கண்ணைவிடக் காலுக்குத் தெரியும் சரிவு. சைக்கிள் மிதிக்கையில் மூச்சு வாங்குகிறதே, அது. குழந்தைகள் பனியில் சறுக்கி இறங்குவதும், பெரியவர்கள் பனிச்சறுக்குக்குப் போவதும் ப்ரெஹ்காவில்தான். சறுக்கு மையங்களில் ‘ஸ்கீதாப்ரெஹ்கா’ என்பார்கள். வெஸ்ட்மன் தீவுகளில் 1874-இல் தொடங்கிய ஒரு பெருவிழா ஒவ்வோர் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலும் நடக்கிறது. அதில் ஞாயிறு இரவு புல்சரிவில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து சேர்ந்து பாடுவார்கள். அந்தப் பாட்டுக்குப் பெயரே ‘ப்ரெஹ்குஸொய்ங்குர்’, சரிவுப் பாட்டு. உட்கார, ஏற, உருள முடிந்தால் ப்ரெஹ்கா என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

தமிழில் ஏற்றம், இறக்கம் என்று திசைக்கு ஒரு சொல் இருப்பதால் நம்மவர்கள் ஐஸ்லாந்திய மொழியிலும் இரண்டு பெயர்ச்சொல் தேடுவார்கள். தேட வேண்டாம். ப்ரெஹ்கா ஒன்றுதான். மேலே போனால் ‘உஹ்ப் ப்ரெஹ்குனா’, கீழே வந்தால் ‘நிதுர் ப்ரெஹ்குனா’. சொல் இரண்டாம் வேற்றுமையில் நிற்பதைக் கவனியுங்கள். இடையில் முன்னிடைச்சொல் எதுவும் வராது.

ஹட்லி என்பது சாய்வின் அளவு. கூரைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் ஹட்லி உண்டு. அதை எண்ணில் சொல்வார்கள். வரவு செலவுத் திட்டத்தில் விழும் துண்டுக்கும் இதே சொல்தான். அதனால் ‘அழகான சரிவு’ என்று சொல்ல நினைத்து இதைப் போட்டால், பற்றாக்குறையை ரசிக்கிறார் போலிருக்கிறது என்று எதிரிலிருப்பவர் சிரிப்பார்.

ஹட்லியோடு சேர்ந்து வரும் இன்னொரு குழப்பம் சதவீதம். சாலைப் பலகையில் 10% என்றிருந்தால் கிடைமட்டமாக 100 மீட்டர் போகையில் 10 மீட்டர் ஏறுகிறது என்று பொருள். கோணத்தில் அது 6 பாகைக்கும் கொஞ்சம் குறைவு. 100% என்றால் செங்குத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது 45 பாகைதான். பனிச்சரிவு அபாயக் குறிப்புகளில் சரிவைப் பாகையில் சொல்வார்கள். பனி பலகைபோல ஒரே தட்டாகப் பெயர்ந்து சரியும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான் கிளம்புகின்றன. 30 பாகை என்பது ஏறக்குறைய 58%. இரண்டு அளவையும் கலந்துவிட்டால் ஆபத்தான சரிவு சாதுவாகத் தோன்றும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இந்த மூன்றிலும் சேராது. அதற்கு ‘ஸ்கௌப்ரொய்ட்’ என்றோ ‘ராம்புர்’ என்றோ சொல்ல வேண்டும்.

ஹில்லுக்கு ஹைத் மட்டும் போதும் என்று நினைப்பது

ஹைத் என்பதன் அடிப்பொருள் உயரம். குன்று என்பது அதற்கு ஒரு கிளைப்பொருள். ஆள் உயரமும் ஹைத், கடல்மட்டத்திலிருந்து உயரமும் ஹைத், கட்டடத்தின் தளமும் ஹைத். இங்கே ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. ஐஸ்லாந்தில் ‘முதல் ஹைத்’ என்றால் பெரும்பாலும் தரைத்தளம். நம்மூர் முதல் மாடி அங்கே இரண்டாவது. முகவரியில் மூன்றாம் ஹைத் என்றிருந்தால் இரண்டு மாடிதான் ஏற வேண்டும். வானிலை அறிக்கையில் ‘கிரீன்லாந்துக்கு மேல் ஹைத்’ என்று வந்தால் அது உயர் காற்றழுத்தம். கிரீன்லாந்தில் ஒரு குன்று என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

நிலத்தில் ஹைத் என்றால் வடிவம் சொல்லாத பொது மேடு. வடிவம் தெரிந்துவிட்டால் வேறு சொல் வந்துவிடும்.

உருண்டையாக, பெரும்பாலும் புல் மூடி, தனியாகத் தெரியும் சிறு குன்று ‘ஹோட்ல்’. பன்மை ‘ஹோலர்’. வடக்கே வட்ன்ஸ்டாலுர் பள்ளத்தாக்கின் வாயில், பழைய நிலச்சரிவு ஒன்று கொட்டிவிட்டுப் போன குன்றுக் கூட்டம் இருக்கிறது. வட்ன்ஸ்டால்ஸ்ஹோலர் என்று பெயர். ஐஸ்லாந்தில் எண்ண முடியாதவை மூன்று என்று ஒரு வழக்கு உண்டு. ப்ரேய்தாஃப்யொர்துரின் தீவுகள், ஆர்ட்னார்வட்ன்ஸ்ஹேய்தியின் ஏரிகள், இந்தக் குன்றுகள். நாட்டுப்புறக் கதைகளில் வரும் எல்ஃப் என்ற மறைவு மனிதர்கள் குடியிருப்பதாகச் சொல்லும் மேடும் ஹோட்ல்தான். கோபவோகுர் நகரில் ஒரு தெருவுக்கே எல்ஃப் குன்றின் பெயர். குன்று இருக்கும் இடத்தில் சாலை ஒடுங்கிப் போகும்.

ஹோட்ல் என்பதன் பழைய வடிவம் ‘க்வோட்ல்’. தெற்கே உள்ள க்வோல்ஸ்வொட்லுர் என்ற ஊரின் பெயரில் இருப்பது அதுவே. அகராதியில் இல்லையே என்று திகைக்க வேண்டாம்.

மொட்டையாக, கல்லும் சரளையுமாக, தாழ்வாகப் பரந்திருந்தால் ‘ஹொல்ட்’. இதற்கு ஆங்கிலத்தில் நல்ல சொல் கிடையாது. தமிழில் இருக்கிறது. தேனி, கொங்குப் பக்கம் ‘கரடு’ என்பார்களே, மனதில் அதைக் கொண்டுவந்தால் ஆங்கில அகராதியைவிட நெருங்கிவிடலாம். ஒரு வேறுபாடு, ஐஸ்லாந்தில் இரண்டு ஹொல்ட்டுக்கு நடுவே பெரும்பாலும் சதுப்பு கிடக்கும். தலைநகர் ரெய்க்யவிக்கில் ஹட்ல்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயம் நிற்பது ஸ்கோலாவொர்துஹொல்ட் மேல். ஹொல்ட் என்று முடியும் தெருப்பெயர்கள் நகரில் ஏராளம். வரைபடத்தில் அப்படி ஒரு தெருவைப் பார்த்தால் ஏற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்து நடங்கள்.

நீண்டு தாழ்வாகக் கிடக்கும் பாறை முகடு ‘ஔஸ்’. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே சாலை ஏறி இறங்கும் முகடு ‘ஹௌல்ஸ்’. கூர்மையான முதுகெலும்பு போன்றது ‘ஹ்ரிக்குர்’. இந்த மூன்றையும் ஆங்கிலம் ‘ரிட்ஜ்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிடும்.

இனி ‘ஃபெட்ல்’. ஃப்யட்ல் மலை, ஃபெட்ல் குன்று என்று எழுதும் வழிகாட்டிக் குறிப்புகள் உண்டு. நம்பாதீர்கள். ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தில் உள்ள ஹெல்காஃபெட்ல் 73 மீட்டர்தான். கிழக்கே ஸ்னைஃபெட்ல் 1833 மீட்டர். இரண்டும் ஃபெட்ல். தலைநகர்க்காரர்கள் வாரக் கடைசியில் ஏறும் எஸ்யா 914 மீட்டர். அது ஃப்யட்ல். கூட்டத்தோடு சேராமல் தனியாக நிற்கும் மலைக்கு ஃபெட்ல் என்ற பெயர் அடிக்கடி விழுகிறது. நிழற்படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் 463 மீட்டர் கிர்க்யுஃபெட்ல் நல்ல எடுத்துக்காட்டு.

இன்னும் சின்னதற்கும் சொல் உண்டு. பனி உறைந்து உருகி உறைந்து மண்ணைத் தள்ளித் தள்ளிப் புல்வெளி முழுக்கப் பானை கவிழ்த்தாற்போல முளைக்கும் மேடுகள் ‘தூவுர்’. ஒருமை ‘தூவா’. முழங்கால் உயரம் இருந்தால் அதிகம். இதையும் ‘ஹில்’ என்று எழுதும் மொழிபெயர்ப்புகள் கண்ணில் படுகின்றன. சின்னத் தூவா பெரிய வண்டிப் பாரத்தைக் கவிழ்க்கும் என்பது ஐஸ்லாந்தியப் பழமொழி. அங்கே குன்று என்று போட்டால் பழமொழியின் உயிரே போய்விடும்.

ஆங்கிலம்போல ஒலிக்கிறதே என்று நம்புவது

வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கில் குடியேறியபோது தங்கள் நிலச்சொற்களையும் இறக்கிவைத்தார்கள். அதனால் ஒலி ஒற்றுமை நிறைய. பொருள் ஒற்றுமை குறைவு.

ஆங்கிலத்தில் ‘ஹோல்ட்’ என்றால் சிறு காடு. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலும் மரக்கூட்டம் என்ற பொருள் இருந்தது. இன்றைய ஐஸ்லாந்தில் அது மரமே இல்லாத கல்மேடு. ஆங்கில ‘ஹீத்’ பெரும்பாலும் தாழ்நிலப் புதர்க்காடு. அதன் உடன்பிறப்பான ‘ஹேய்தி’ ஐஸ்லாந்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே கடக்க வேண்டிய உயர்ந்த மேட்டுநிலம். ஆங்கில வட்டார வழக்கில் ‘ஹௌ’ என்பது குன்று. அதன் மூலமான ‘ஹொய்குர்’ இன்று குவியல். புதைமேடாகவும் இருக்கலாம், குப்பைமேடாகவும் இருக்கலாம். தங்கும் விடுதியைப் புகழ்ந்து ‘ஹொய்குர்மேல் இருக்கிறது’ என்று எழுதினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘ஸ்க்ரீ’ என்ற ஆங்கிலச் சொல் ‘ஸ்க்ரிதா’ என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் ஆங்கிலத்தில் அது சரளைச் சரிவு மட்டும். ஐஸ்லாந்தில் அந்தச் சரிவும் ஸ்க்ரிதா, மண் சரிந்து விழும் நிகழ்வும் ஸ்க்ரிதா. 2020 டிசம்பரில் ஸேய்திஸ்ஃப்யொர்துர் ஊரில் வீடுகளை அடித்துக்கொண்டு போனது இந்த இரண்டாம் வகை. பனி சரிந்தால் இச்சொல் வராது. அதற்கு ‘ஸ்ன்யோஃப்லோத்’. 1995-இல் ஸூதாவீக், ஃப்லாடேய்ரி என்ற இரண்டு ஊர்களில் நேர்ந்தவை அவை.

‘போர்க்’ என்பதை நகரம் என்று மட்டும் படிப்பது இன்னொன்று. பாறை எழும்பி நிற்கும் குன்றும் போர்க்தான். கிழக்குக் கரையில் ஔல்வாபோர்க் என்ற இடத்துக்கு நகரம் தேடிப் போனால் நிற்பது ஒரு பாறைமேடு.

உடல் உறுப்பு என்று மொழிபெயர்ப்பது

ஹௌல்ஸ் என்றால் கழுத்து, ஹ்ரிக்குர் என்றால் முதுகெலும்பு. ‘ஒக்ஸ்ல்’ தோள், ‘ப்ரூன்’ புருவம், ‘கின்’ கன்னம், ‘என்னி’ நெற்றி, ‘மூலி’ விலங்கின் முகவாய். மலையைச் சொல்லும்போது ப்ரூன் என்பது சரிவு முடிந்து மேல்தளம் தொடங்கும் விளிம்பு. கின் என்பது பள்ளத்தாக்கின் பக்கச்சரிவு. என்னி கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்து முகம். மூலி இரண்டு பள்ளத்தாக்குகளுக்கோ, நிலத்துக்குள் நீளும் கடற்கைகளுக்கோ நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மலை. ஓலாஃப்ஸ்ஃப்யொர்துரின் மூலியைச் சுற்றிப் போன பழைய சாலை அபாயமானது என்பதால்தான் அதைக் குடைந்து சுரங்கச்சாலை போட்டார்கள்.

ஆனால் கால் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் மலைக்குக் கால் உண்டு. ஐஸ்லாந்தில் வேர்கள். ‘மலையடியில்’ என்பதற்கு மலையின் வேர்களருகே என்று பொருள்படும் ‘வித் ரைடுர் ஃப்யால்ஸின்ஸ்’. ஆங்கிலத்தைப் பார்த்துப் பாதம் என்று எழுதினால் புரிந்துகொள்வார்கள், வெளியூர்க்காரர் என்றும் தெரிந்துகொள்வார்கள்.

பெயரடையும் வேற்றுமையும்

தமிழில் ‘செங்குத்தான’ என்பது எந்தப் பெயருக்கு முன்னாலும் மாறாது. ஐஸ்லாந்தில் பால் பார்க்கும். ஹோட்ல் ஆண்பால், ஆகவே ‘ப்ரஹ்டுர் ஹோட்ல்’. ப்ரெஹ்கா பெண்பால், ‘ப்ரொஹ்ட் ப்ரெஹ்கா’. ஃப்யட்ல் அலிப்பால், ‘ப்ரஹ்ட் ஃப்யட்ல்’. ஹ்லீத், ஹைத், ஹேய்தி பெண்பால். ஃபெட்ல், ஹொல்ட் அலிப்பால். ஔஸ், ஹௌல்ஸ், ஹ்ரிக்குர் ஆண்பால். சொல்லைப் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

மலை ஏறுவதற்கு ‘க்ளைம்ப்’ என்பதைத் தேடிப் பிடித்து ‘க்லிவ்ரா’ என்று எழுதுகிறார்கள். அது கையும் காலும் போட்டுப் பாறையில் தொற்றி ஏறுவது. எஸ்யாவுக்குப் பாதை வழியாக ஏறினால் ‘கௌங்கா ஔ’ என்று சொல்லி, மலையை இரண்டாம் வேற்றுமையில் வைத்தால் போதும். மேலே போய்ச் சேர்ந்து நின்றுவிட்டால் அதே ‘ஔ’ என்ற முன்னிடைச்சொல்லோடு வேறு வேற்றுமை வரும். ‘உஹ்ப்’ நகரும்போது, ‘உஹ்பி’ நிற்கும்போது. ஓர் இகரத்தில் பொருள் மாறிவிடும்.

வரைபடத்தில் ஊர் கிடைக்காமல் போவதற்கும் வேற்றுமைதான் காரணம். செய்தியில் ‘உன்டிர் ஏயாஃப்யொட்லும்’ என்று வரும். அதை அப்படியே தேடினால் பல வரைபடங்களில் வராது. மூலவடிவம் ‘ஏயாஃப்யொட்ல்’. 2010-இல் வெடித்து ஐரோப்பிய விமானங்களை நிறுத்திய ஏயாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலையின் பெயரிலும் இதே மலைகள்தான், ஆனால் ஆறாம் வேற்றுமைப் பன்மையில். பெயர் ‘உம்’ என்று முடிந்தால் அது பெரும்பாலும் பன்மை வேற்றுமை உருபு. ‘ஔ ஹோலும்’ என்றால் ஹோலர். சந்தேகம் வந்தால் ஔர்னி மாக்னூசன் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் சொல்லுருபுத் தளத்தில் கிடைத்த வடிவத்தை அப்படியே இட்டுத் தேடுங்கள். மூலச்சொல்லும் எல்லா வடிவங்களும் அட்டவணையாக வரும்.

தட்டச்சிலும் கவனம் வேண்டும். ஹ்லீத் என்பதில் உள்ள ஐ எழுத்தின்மேல் சாய்கோடு இருக்கிறது. கோடு விட்டுப்போனால் ‘ஹ்லித்’, அதாவது பக்கம் அல்லது வாயிற்கதவு. இரண்டு சொல்லிலும் உயிர் நீளமாகத்தான் ஒலிக்கும். அதனால் குறில் நெடில் என்று தமிழ்க் காதால் பிரிக்கப் பார்த்தால் தோற்போம். கோடு போட்டது நம் ஈ. கோடில்லாதது இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே நிற்கும் ஒலி. பண்ணைகளில் ‘லோகித் ஹ்லிதினு’ என்று பலகை இருக்கும். சரிவு மூடப்பட்டது என்று படித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டாம். கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று கேட்கிறார்கள். சாத்தாமல் போனால் ஆடுகள் வெளியே வந்துவிடும்.

சாலையில்

வாடகைக் கார் எடுத்து ஓட்டுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் ‘ப்லிண்ட்ஹைத்’. சிவப்பு விளிம்பிட்ட மஞ்சள் எச்சரிக்கைப் பலகையோடு வரும். பல இடங்களில் வருவதால் ஊர்ப்பெயர் என்றோ குன்றின் பெயர் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டி தெரியாது என்பதுதான் அது. ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் உச்ச வேகம் 90, சரளைச் சாலையில் 80 கிலோமீட்டர். மேட்டு உச்சியில் இரண்டும் பொருந்தாது. வேகத்தைக் குறைத்து வலது ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும். இந்தியா, இலங்கையில் ஓட்டிப் பழகியவர்களின் கை இடப்பக்கமே ஒதுங்கப் பார்க்கும். இந்த இடத்தில் அந்தப் பழக்கம் நேருக்கு நேர் மோதலில் கொண்டுவிடும்.

குளிர்காலச் சாலை அறிவிப்பில் பெயரின் கடைசிச் சொல்லைப் படித்தாலே அபாயம் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஹ்லீத் என்று முடிந்தால் மேலிருந்து பனியோ கல்லோ விழலாம். ஸூதாவீகுர்ஹ்லீத் சாலையை இதற்காகவே மூடுவார்கள். ஸ்க்ரிதுர் என்று முடிந்தால் உதிர் கற்கள், கிழக்கே, நாட்டைச் சுற்றிவரும் வட்டச்சாலையில் க்வால்னெஸ்ஸ்க்ரிதுர் போல. ஹேய்தி என்று முடிந்தால் விழுவதற்கு மேலே ஒன்றுமில்லை. அங்கே காற்றும், காற்று அள்ளிவரும் பனியும்தான் பிரச்சினை. தலைநகரிலிருந்து தெற்கே போகிறவர்கள் ஹெட்லிஸ்ஹேய்தியைக் கடந்து, கம்பர் என்ற வளைவுச் சரிவில் க்வேராகெர்திக்கு இறங்குவார்கள். பெயரைப் பார்த்து நம் கம்பரை நினைக்க வேண்டாம், சீப்புப் பல் போன்ற முகடுகள் என்று பொருள். மேலே பனிமூட்டமாக இருக்கும்போது கீழே ஊரில் வெறும் மழை பெய்துகொண்டிருக்கலாம். அதனால் புறப்படும் ஊரின் வானிலையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அறிவிப்பில் ஹேய்தியின் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘ஹௌல்கா’ என்றால் வழுக்கும் பனித்தளம், மெதுவாகப் போகலாம். ‘ஓஃபைர்ட்’ என்றால் வண்டி போகாது. ‘லோகத்’ என்றால் மூடியாயிற்று, ஹெட்லிஸ்ஹேய்தி போன்ற இடங்களில் சாலையின் குறுக்கே தடுப்பும் இறக்கியிருப்பார்கள்.